தாய்மாமன் உத்தியோகம்

ரெல்வி டீச்சருக்குப் பணத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சம்பளம் வந்த மூன்றாம் நாள் அது கையில் இருக்காது என்பது மட்டும்தான். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிக்கனமும் சேமிப்பும் கற்றுக்கொடு என்று மேலிடம் அனுப்பி வைத்தது. "பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சிருக்காங்க" என்று தன் அண்ணனிடம் சொல்லி அவளே சிரித்தாள்.

பயிற்சியில் சொன்ன முறை என்னவோ எளிது. வகுப்பறை ஒரு குட்டி ஊர் மாதிரி நடக்க வேண்டும். பெருக்க ஒருவர், தண்ணீர் தூக்க ஒருவர், மணியடிக்க ஒருவர் என்று ஆளுக்கோர் உத்தியோகம். வெள்ளிக்கிழமை அட்டைக் காசில் சம்பளம். அதில் உட்காருகிற மேஜைக்கு வாடகை கட்டிவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து வைக்கலாம். அல்லது ஜன்னலோரம் டீச்சர் வைத்திருக்கும் கடையில் பென்சிலோ மிட்டாயோ வாங்கலாம். வாடகை கட்டாதவர் தரையில் உட்கார வேண்டும். இதற்காக ரெல்வி பிஸ்கட் பெட்டிகளை வாங்கிவந்து, விரல் கொப்புளிக்கிற வரைக்கும் வட்ட வட்டமாகக் காசு வெட்டினாள். முதல் சம்பளத்தன்று ஆளுக்கொரு காகித உறையும் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாக் காசிலும் நட்ட நடுவில் ஓட்டை. பிரம்புக் கீற்றில் வரிசையாகக் கோத்து, வளைத்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"யாருடா உங்களை ஓட்டை போடச் சொன்னது?"

"கோக்காம வெச்சா அது காசா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டாள் டாமரிஸ். வகுப்பின் வங்கி மேலாளர் அவள்தான். ஒன்பது வயசுக்கு அவளுக்கிருந்த கண்டிப்பைப் பார்த்தால் தலைமையாசிரியரே ஒதுங்கி நடப்பார்.

ரெல்விக்கு அது தெரியாததா? அவளும் இந்தத் தீவின் தோலாய் இனத்துக்காரிதானே. அவள் வீட்டுப் பரணிலும் வாழையிலையில் பொதிந்த சிப்பிக்காசுச் சுருள் இருக்கிறது. சர்க்கார் அடிக்கிற கினா நோட்டு சந்தைக்கும் பஸ்ஸுக்கும். கோத்து வைத்த சிப்பிக்காசு கல்யாணத்துக்கும் சாவுக்கும். மனுஷன் கண்ணை மூடினால் அவன் சுருளை இறக்கி, வெட்டி, அழ வந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டும். அப்போதுதான் அவன் ஒழுங்காகப் போய்ச் சேருவான். வெட்டச் சுருள் இல்லாமல் போகிறவனை இந்த ஊரில் நாய்கூட மதிக்காது. பிள்ளைகள் பார்த்து வளர்ந்த வங்கி அதுதான். ரெல்வி உறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சுவரில் ஆளுக்கோர் ஆணி அடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வகுப்பு ஜோராக நடந்தது. ஒருமுறை பிள்ளைகள் கெஞ்சுகிறார்களே என்று அவள் கூடுதலாகக் காசு வெட்டிக் கொடுக்க, மத்தியானத்துக்குள் கடை முக்கால்வாசி காலி. டாமரிஸ் மிச்சமிருந்த பென்சிலின் விலையை இரட்டிப்பாக்கினாள். ஊரே அழுதது. "காசு பெருகினால் பண்டம் பெருகாது" என்று ரெல்வி கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கே அது புரிந்தது.

சுவரில் இருந்த சுருள்களிலேயே பெரியது பிபியானாவுடையது. அவள் மிட்டாய் வாங்கி யாரும் பார்த்ததில்லை. அவள் அப்பா இந்த ஊர்க்காரர். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஹென்ரிகா கடலுக்கு அப்பால் செப்பிக் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். கொக்கோத் தோட்டத்துப் பழைய கூலிக்காரர் லயத்தில் குடியிருந்துகொண்டு சந்தையில் மாவு உருண்டை பொரித்து விற்கிறாள். இங்கே குலமும் நிலமும் தாய்வழி. அம்மா வெளியூர் என்றால் பிள்ளைக்குக் குலம் இல்லை, நிலம் இல்லை, முன்னால் நின்று பேச இந்த ஊரில் ஒரு தாய்மாமன் இல்லை. பிபியானாவுக்கு இதெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயங்கள் தன்னாலேயே தெரிந்துவிடும்.

ஒருநாள் அவள் டீச்சரிடம் வந்து, அம்மா ஊருக்கே போகப் போகிறோம், வியாழக்கிழமை கப்பல் என்றாள்.  ரெல்வி கடையில் இருந்ததிலேயே நல்ல பையைக் காட்டி, "உன் காசையெல்லாம் குடுத்து இதை எடுத்துக்கோ. இந்த அட்டைக் காசு உங்கம்மா ஊர் வேவாக்ல செல்லாது கண்ணு" என்றாள்.

"வேணாம் டீச்சர். அது அங்கயே தொங்கட்டும்."

"தொங்கி?"

பிபியானா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ரெல்வி சம்பளம் எடுக்கக் கோக்கோப்போ டவுனுக்குப் போனாள். வகுப்பைப் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஏடிஎம் வரிசையில் நின்று கால் கடுத்து அவள் திரும்பி வந்தபோது வகுப்பு அதிசயமாக அமைதியாக இருந்தது. பிள்ளைகள் சாவு வீட்டில் பூசுகிற மாதிரி நெற்றியில் கரி பூசியிருந்தார்கள். பிபியானாவின் மேஜையில் சிவப்பு இலைகள் பரப்பியிருந்தன. சுவரில் அவள் ஆணி வெறுமையாக இருந்தது. டீச்சர் மேஜைமேல் ஒரு முழ நீளத்துக்குக் கோத்த அட்டைக் காசு.

"உங்க பங்கு டீச்சர்" என்றாள் டாமரிஸ். "ஆள் இல்லாத சுருளைத் தொங்க விடலாமா? அவமானமில்ல? எங்க தாத்தாவுக்கு வெட்டின மாதிரியே வெட்டிட்டேன். பெரியவங்களுக்கு முதல்ல, அப்புறம் மத்தவங்களுக்கு. யாருக்கும் குறை வைக்கலை. எல்லாரும் அழுதோம்."

"நான்தான் டீச்சர் ரொம்ப அழுதேன்" என்றான் தரையிலிருந்து எரெமான். அவன் எப்போதும் தரையில்தான். சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடி மிட்டாயாக்கித் தின்றுவிடுவான். மேஜை வாடகை கட்டியதாகச் சரித்திரமே இல்லை.

ரெல்வி திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். பிறகு அந்தச் சிவப்பு இலைகளைப் பார்த்தாள். வெளியூர்க்காரி மகளுக்கு இந்த ஊர் பெரியவர்கள் செய்யாததைப் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள் என்று பட்டது. கண் கலங்கிவிட்டது. தன் பங்கை இரண்டு கையாலும் எடுத்து இழுப்பறையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பிபியானா வந்து வாசலில் நின்றாள்.

வகுப்பே ஒருமுறை வீறிட்டது. ஒருத்தி மேஜைக்கு அடியில் பாய்ந்தாள். "பேய்! பேய்!" என்று எரெமான் டீச்சரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். பிபியானா அவர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடியே உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என் சுருள் எங்க?"

பிள்ளைகள் டாமரிஸைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் டாமரிஸ்தான் எழுந்தாள். "வெட்டியாச்சு."

"ஏன்?"

"நீதான் போயிட்டியே."

"போனா வெட்டுவாங்களா? செத்தாத்தானே வெட்டுவாங்க?"

"நல்லா அழுதோம் பிபி" என்றான் எரெமான் ஆறுதலாக. "சத்தியமா. எங்க மாமா செத்தப்பகூட நான் அவ்வளவு அழலை."

ரெல்வி மேஜையைத் தட்டினாள். "போதும். எல்லாரும் அவங்கவங்க பங்கை எடுத்துக் குடுங்க. வங்கியில போட்ட காசு போட்டவங்களுக்குத்தான் சொந்தம். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஒரு கைகூட அசையவில்லை. பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"முடியாது டீச்சர்" என்றாள் டாமரிஸ். "சாவுப் பங்கைத் திருப்பிக் குடுக்கக் கூடாது. குடுத்தா, போனவங்க நம்மளைக் கூட்டிட்டுப் போக வருவாங்க."

"அவ சாகலைடி!"

"ஆனா அழுதாச்சே!"

"சரி, நான் புதுசா வெட்டிக் குடுக்கறேன். பிஸ்கட் பெட்டி இருக்கு."

"காசு பெருகினா பண்டம் பெருகாது" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். தான் சொன்ன பாடம் தன்னையே கடித்ததில் ரெல்விக்குக் காது சிவந்தது. அதைவிட மோசம், தன் இழுப்பறையில் கிடந்த பங்கை எடுக்க அவளுக்கே கை வரவில்லை. பட்டப்படிப்பும் பயிற்சியும் ஒரு பக்கம் இருக்க, அவள் அம்மா வயிற்றில் பிறந்த பயம் இன்னொரு பக்கம் இருந்தது. அவள் கை இழுப்பறைப் பிடியில் இருந்ததைப் பிபியானா பார்த்துவிட்டாள்.

"நீங்களும் வாங்கினீங்களா டீச்சர்?"

ரெல்வி தலையைக் குனிந்தாள்.

"அது தொங்குற வரைக்கும் நானும் இங்க இருக்கேன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, பிபியானா வந்த வழியே வெளியே போனாள். ஓடக்கூட இல்லை. நடந்துதான் போனாள். அதுதான் ரெல்விக்கு மேலும் வலித்தது.

சாயங்காலம் ரெல்வி சந்தைக்குப் போனாள். ஹென்ரிகா எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிபியானா அம்மாவுக்குப் பின்னால் சாக்கில் படுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கப்பல் என்னாச்சு?" என்று கேட்டாள் ரெல்வி.

"கப்பலுக்கு ஒண்ணும் ஆகலை. போயிடுச்சு." ஹென்ரிகா உருண்டையைப் புரட்டிப் போட்டாள். "நாங்கதான் ஏறலை. கப்பல் ஏறற பலகையில கால் வைக்கிற நேரம் என் தம்பி போன் பண்ணினான். அம்மா வீட்டுல இருக்கறது அவன்தான். அவன் இருக்கற தைரியத்துலதானே வீட்டுச் சாமானையெல்லாம் வித்துக் கிளம்பினேன். 'அக்கா, வராதே, இங்க எங்களுக்கே இடமில்லை'ன்னுட்டான்."

ரெல்வி சட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"டீச்சர், இந்த ஊர்ல நான் செப்பிக்காரி. எத்தனை வருஷமானாலும் செப்பிக்காரி. என்னை 'அக்கா'ன்னு கூப்பிட ஒரே ஒரு குரல்தான் இருந்துச்சு. அவனும் 'அக்கா'ன்னு ஆரம்பிச்சுத்தான் வராதேன்னான்." அவள் புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்தாள். "இவளும் இனிமே பள்ளிக்கூடம் வரமாட்டாளாம். 'நான் அங்க செத்துட்டேன்மா'ங்கறா. இருக்கட்டும். என்கூட உருண்டை வித்துப் பிழைச்சுக்கட்டும்."

"நாளைக்கு வந்துடுவா" என்றாள் ரெல்வி.

"வரமாட்டேன்" என்றது சாக்கு.

செவ்வாய்க்கிழமை பிபியானா வரவில்லை. ரெல்வி பாடத்தைத் தொடவில்லை. கப்பல் விஷயத்தையும் தம்பி விஷயத்தையும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அது அவர்கள் தலையில் ஏற்றுகிற சுமை இல்லை. "பிபி இனிமே வரமாட்டேங்கறா. நம்மாலதான். என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கசமுசா என்று பேச்சு எழுந்தது. டாமரிஸ் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பங்கு வைத்தவள் அவள்தான், அவளுக்குத்தான் ராத்திரி தூக்கமில்லை. கடைசியில் சொன்னாள்:

"செத்தவளுக்குத் திருப்பித் தர முடியாது. ஆனா புதுசாப் பிறந்தவளுக்குத் தரலாம்."

"அப்படின்னா?"

"பழைய பிபி போயிட்டா. இவ புதுசு. புதுசாப் பிறந்தா முதல் காசு கோத்துக் குடுப்பாங்கல்ல? அதுக்கப்புறம் மத்தவங்க எல்லாரும் போடலாம். அவங்கவங்க சொந்தச் சம்பளத்துல. அது சாவுப் பங்கு இல்லையே."

வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. ரெல்வி அந்தப் பிடிவாதக்காரியை அப்படியே கட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். உடனே இன்னொரு பிள்ளை கேட்டது: "முதல் காசு யாரு கோப்பா?"

"தாய்மாமன்" என்று நாலைந்து குரல் சேர்ந்து சொல்லி, சொன்னதும் அப்படியே அடங்கிப் போயின. பிபிக்கு அது இல்லை என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே. ரெல்விக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தரையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அந்த வேலை காலியா இருக்கா டீச்சர்?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "டேய், உன்கிட்ட என்னடா இருக்கு? உக்கார மேஜை இல்லை, மாமனாம் மாமன்!" என்றான் ஒருவன். "முதல்ல வாடகையைக் கட்டு" என்றாள் டாமரிஸ்.

எரெமானுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கையை இறக்கவில்லை. "நான் சம்பாதிப்பேன். எந்த வேலைக்கு டீச்சர் கூலி ஜாஸ்தி?"

கூலி ஜாஸ்தியான வேலை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கழுவுவது. எவ்வளவு ஏற்றியும் யாரும் அதன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ரெல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். எரெமான் மூக்கைச் சுளித்தான். பிறகு எழுந்துபோய் வாளியை எடுத்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் கழுவினான். போகிற வருகிறவன் எல்லாம் கிண்டல். பெரிய வகுப்புப் பையன்கள் "மாமோய்!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு துரத்துவான், பாதி தண்ணீரைத் தன்மேலேயே ஊற்றிக்கொள்வான், திரும்பவும் போய்க் கழுவுவான். வெள்ளிக்கிழமை டாமரிஸ் கூலியை எண்ணிக் கொடுத்தபோது அவன் கண் மிட்டாய்ப் பாட்டில் பக்கம் போனதை ரெல்வி பார்த்தாள். எச்சிலை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்து, தன் இடத்தில், தரையில் உட்கார்ந்து, பிரம்புக் கீற்றில் ஒவ்வொரு காசாகக் கோத்தான். ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத பாடம் அது. இப்போது ஏறியிருக்கிறது, ஆனால் அது தன்னால் ஏறவில்லை என்று ரெல்விக்குத் தெரியும். அவளுக்குப் பொறாமையாகக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பள்ளி விட்டதும் ரெல்வியும் அவனும் தோட்டத்து லயத்துக்கு நடந்தார்கள். வழி நெடுக எரெமான் வாய் ஓயவில்லை. மாமன் என்றால் மருமகளை அடிக்கலாமா, மருமகள் மாமனுக்குப் பாக்கு இடித்துத் தர வேண்டுமா, அவள் தன்னைவிட உயரமாக இருப்பது செல்லுமா என்று ஏகப்பட்ட சந்தேகம். லயத்து வாசலில் ஹென்ரிகாவைப் பார்த்ததும் அத்தனையும் அடங்கி, டீச்சருக்குப் பின்னால் பதுங்கினான்.

ஹென்ரிகா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிபியானா விறகு ஒடித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள்.

"எதுக்கு வந்தே? இன்னொரு தடவை அழறதுக்கா?"

"இல்லை." அவன் கீற்றை முன்னால் நீட்டினான். "இது உனக்கு. முதல் காசு. நீ இப்ப புதுசு. நான் உன் தாய்மாமன். டாமரிஸ் வேலைப் பட்டியல்ல எழுதிட்டா. டீச்சரும் சரின்னுட்டாங்க."

பிபியானா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது.

"தாய்மாமன்னா அம்மாவோட கூடப் பிறந்தவன். எங்கிட்ட வந்து சொன்னா? தைரியம் இருந்தா அம்மாகிட்ட சொல்லு."

எரெமான் டீச்சரைப் பார்த்தான்.  பிள்ளை விளையாட்டை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டோம், அடிபட்ட இடத்திலேயே கை வைக்கப் போகிறானே, தடுத்துவிடலாமா என்று ரெல்வி நினைத்தாள். அதற்குள் அவன் அடுப்புப் பக்கம் போய், ஹென்ரிகாவின் முன்னால் நேராக நின்றுவிட்டான்.

"அக்கா" என்றான்.

ஹென்ரிகாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. ஈரச் சட்டையும், தோல் உரிந்த விரல்களுமாக நின்ற அந்தப் பொடியனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.  பிறகு, சொந்தத் தம்பியிடம் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் சேர்த்துக் கேட்கிற மாதிரி, உடைந்த குரலில் கேட்டாள்:

"இத்தனை நாளா எங்கடா போயிருந்தே?"

எரெமானுக்கு அந்தக் கேள்வியின் ஆழமெல்லாம் தெரியாது. தாமதத்துக்குத் திட்டுகிறாள் என்றுதான் நினைத்தான்.

"கக்கூஸ் கழுவிட்டு இருந்தேங்க்கா. இன்னிக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க."

முதலில் சிரித்தது பிபியானாதான். அடக்கப் பார்த்து, முடியாமல், விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஹென்ரிகா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. மாவுக் கையோடு அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவன் தலையெல்லாம் மாவு. ரெல்வி அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

பிபியானா வந்து அவன் கையிலிருந்த கீற்றை வாங்கினாள். விரலால் நீளத்தை அளந்து பார்த்தாள்.

"குறைச்சலா இருக்கே மாமா" என்றாள். "திங்கட்கிழமை நானும் வந்து கழுவறேன்."